லேசான இரும்புச் சட்ட வீடு: ஸ்டட்டை 90-இலிருந்து 150 மி.மீ. ஆக்கினால் வெப்பம் குறையுமா?

கோட்டுப்படம் (கேள்வி)

வணக்கம். தரைத்தளமும் மேல்தளமுமாக 140 ச.மீ. வீடு ஒன்றின் வரைபடம் கையில் இருக்கிறது. முழுக்க ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டில் மடித்த சி ஸ்டட் (சி வடிவச் செங்குத்துக் கால்) சட்டம்: ஆழம் 90 மி.மீ., தகடு 0.95 மி.மீ., இடைவெளி 400 மி.மீ. பேனல்களைப் பட்டறையில் கோத்து, தளத்தில் நிறுத்தப்போகிறோம்.

சுவரின் அடுக்குகள், உள்ளிருந்து வெளியே: 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு, பாலித்தீன் தாள், ஸ்டட்களுக்கு நடுவே 90 மி.மீ. ராக்வூல் (பாறைப் பஞ்சு, கடத்துதிறன் 0.039), 11 மி.மீ. ஓ.எஸ்.பி. (மரச்சீவல்களை ஒட்டிய) பலகை, காற்றோட்ட இடைவெளி, சிமென்ட் போர்டு. அடுக்குகளின் வெப்பத் தடைகளைக் கூட்டினால் 2.69 வருகிறது, அதன் தலைகீழான யூ மதிப்பு (சுவர் கடத்தும் வெப்பம்) 0.37 வாட்/ச.மீ. கெல்வின். எட்டவேண்டியது 0.28. ஸ்டட்டை 150 ஆக்கிவிட்டு ராக்வூலையும் 150 போட்டால் எட்டிவிடலாம் என்று நினைத்தேன். இரும்புச் சட்டத்தின் கணக்குப் பார்ப்பவரோ, "0.37 என்பதே பொய்க் கணக்கு, நிஜத்தில் இரண்டு மடங்கு இருக்கும்" என்கிறார்.

இன்னொரு சிக்கல். இதே பேனல் இரண்டு இடங்களுக்குப் போகிறது. ஒன்று ஆண்டு முழுக்கப் புழுக்கம், உள்ளே ஏ.சி. 24 டிகிரியில் ஓடும். மற்றது குளிர்காலத்தில் இரவு மைனஸ் 5 வரை இறங்கும் இடம். பாலித்தீன் தாளை எந்தப் பக்கம் வைப்பது? அதோடு, லேசான வீடு மாலையில் அடுப்பாகிவிடும் என்கிறார்களே, அதற்கு வடிவமைப்பிலேயே என்ன செய்யலாம்?

மென்சட்டம் (மறுமொழி)

சட்டக்காரர் சொல்வது சரி. இரண்டு மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு.

உங்கள் கணக்கில் ஸ்டட்டே இல்லை. 400 மி.மீ.க்கு ஒரு 0.95 மி.மீ. தகடு என்றால் பரப்பில் கால் சதவீதம்கூட இல்லையே, விட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் இரும்பின் கடத்துதிறன் சுமார் 50, ராக்வூலுக்கு 0.039. ஆயிரம் மடங்குக்கு மேல். 0.95-ஐ 400-ஆல் வகுத்து 50-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 0.119. அதாவது இணையாகக் கணக்கிட்டால், கண்ணுக்குத் தெரியாத அந்தத் தகடு மட்டுமே ராக்வூல் மொத்தமும் கடத்துவதைப் போல மூன்று மடங்கு வெப்பத்தைக் கடத்தும். போதாக்குறைக்கு இரண்டு பக்கத்திலும் 40 மி.மீ. அகல ஓரமடிப்பு போர்டோடு ஒட்டி நின்று, அக்கம்பக்கத்து வெப்பத்தையெல்லாம் நடுத்தகட்டுக்குத் திரட்டிக் கொடுக்கிறது.

மரச்சட்டத்துக்குப் பழகியவர்கள் ஐ.எஸ்.ஓ 6946-இன் (யூ மதிப்புக் கணக்குக்கான தரநிலை) கைமுறையை இதற்கும் போட்டுவிடுகிறார்கள். காப்பு அடுக்கை உலோகம் குறுக்கே கடந்தால் அந்த எளிய முறை செல்லாது என்று அந்தத் தரநிலையே சொல்கிறது. ஐ.எஸ்.ஓ 10211 வழியில் இருபரிமாண மாதிரி போட வேண்டும். வரைவு நிலையில் கைக்கு வசதியானது ஆஷ்ரே 90.1 என்ற அமெரிக்கத் தரநிலை தரும் திருத்த எண்கள். மெட்ரிக்கில் மாற்றினால்:

90 மி.மீ. ஸ்டட், 400 இடைவெளி: பெயரளவுத் தடை 2.29, நிஜத்தில் 1.06.
90 மி.மீ. ஸ்டட், 600 இடைவெளி: அதே 2.29, நிஜத்தில் 1.27.
150 மி.மீ. ஸ்டட், 400 இடைவெளி: பெயரளவு 3.35, நிஜத்தில் 1.25.

மூன்றாவது வரியை இன்னொரு முறை படியுங்கள். ஸ்டட்டை 150 ஆக்கி, 60 மி.மீ. ராக்வூல் கூடுதலாகத் திணித்தும் கிடைப்பது 0.19 மட்டுமே. ஸ்டட்டுக்கு வெளியே 7 மி.மீ. காப்பு ஒட்டினாலே அந்த 0.19 வந்துவிடும். 90-ஐ வைத்துக்கொண்டு இடைவெளியை 600 ஆக்கினாலும் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கிறது. சுமை அனுமதித்தால் முதலில் அதைச் செய்யுங்கள். ஜாய்ஸ்ட் (தளத்தைத் தாங்கும் உத்தரம்), ஸ்டட், டிரஸ் (கூரைச் சட்டம்) மூன்றும் ஒரே நேர்கோட்டில் இறங்கினால் இரண்டு தள வீட்டுக்கு 600 பெரும்பாலும் நிற்கும். ஜிப்சம் போர்டின் தடிமனை மட்டும் அதற்கேற்பப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சுவரின் உண்மைக் கணக்கு (400 இடைவெளியிலேயே): உட்பரப்பு 0.13, ஜிப்சம் 0.05, சட்ட அடுக்கு 1.06, ஓ.எஸ்.பி. 0.085, வெளிப்பரப்பு 0.13. கூட்டினால் 1.455, யூ 0.69. சன்னலைச் சுற்றி வரும் இரட்டை ஸ்டட், மூலை, லிண்டல் எல்லாம் இதில் சேரவில்லை. அவற்றையும் சேர்த்தால் இன்னும் ஏறும்.

இதே சுவரில் ஓ.எஸ்.பி.க்கு வெளியே 80 மி.மீ. அடர்ராக்வூல் பலகை (0.036) வைத்தால் மொத்தம் 3.675, யூ 0.27. இலக்கை எட்டியாயிற்று.

இன்னொரு வழியும் பாருங்கள். ஸ்டட்களுக்கு நடுவே உள்ள குழியை வெறுமனே விட்டு, காப்பு முழுவதையும் 120 மி.மீ.யாக வெளியே கொண்டுபோனால்: 0.13 + 0.05 + குழிக்காற்று 0.18 + 0.085 + 3.33 + 0.13 = 3.905. யூ 0.256. உள்ளே 90, வெளியே 80 என 170 மி.மீ. காப்பு போட்ட சுவரைவிட, வெளியே மட்டும் 120 போட்ட சுவர் மேல். சுவர் 40 மி.மீ. தடிக்கும், அவ்வளவுதான். இரும்பு முழுக்க வீட்டின் உள்வெப்பநிலையிலேயே இருக்கும். என் வாக்கு இதற்குத்தான். காரணத்தில் பாதி வெப்பக் கணக்கு. மறுபாதி ஈரம், அதை அந்தத் துறைக்காரர் எழுதட்டும்.

நடுத்தகட்டில் நீளவாட்டில் வரிசை வரிசையாகத் துளை வெட்டிய ஸ்டட் இருக்கிறது; வட ஐரோப்பாவில் அது வழக்கம். வெப்பம் துளைகளைச் சுற்றி வளைந்து போவதால் பாதை நீள்கிறது. நல்ல உத்திதான். ஆனால் வெட்டுவிசை தாங்கும் திறன் குறையும். சாதாரண ஸ்டட்டின் சுமை அட்டவணையை அதற்குப் பயன்படுத்தக் கூடாது.

பனித்துளி (மறுமொழி)

மேலே உள்ளவரின் எண்களையே எடுத்துக்கொண்டு ஈரத்தைப் பார்ப்போம்.

குளிர் இடம்: உள்ளே 20 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம். அந்தக் காற்றின் பனிநிலை (நீராவி தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 9.3. வெளியே மைனஸ் 5. கேள்வியில் உள்ள சுவரில் ஓ.எஸ்.பி.யின் உள்முகம், சராசரித் தடையை வைத்துப் பார்த்தால், மைனஸ் 1.3-இல் நிற்கிறது. பாலித்தீனில் ஒரு சுவிட்ச் பெட்டி அளவு ஓட்டை இருந்தால் போதும், அங்கே உறைபனியே படியும்.

வெளியே 80 மி.மீ. வைத்ததும் அதே முகம் 11.6-க்கு ஏறுகிறது. பனிநிலைக்கு மேலே, தப்பித்தோம் என்று தோன்றும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். 1.06 என்பது ஸ்டட்டையும் ராக்வூலையும் கலந்த சராசரி. இரண்டு ஸ்டட்களுக்கு நடுவில் நின்று பார்த்தால் அங்கே இரும்பே இல்லை. தடை முழு 2.29. உள்வெப்பம் அங்கே ஓ.எஸ்.பி. வரை அவ்வளவாக வராது. கணக்கிட்டால் 7.4 டிகிரி. 9.3-க்குக் கீழே. ஆக வெப்ப இழப்புக்குச் சராசரியை எடுக்கலாம். ஈரத்துக்கு எப்போதும் ஸ்டட்களுக்கு நடுவிலும் ஸ்டட் மீதும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். குழியில் எவ்வளவு ராக்வூல் திணிக்கிறீர்களோ அவ்வளவுக்கு வெளிப்பலகை குளிரும்.

குழி வெறுமை, வெளியே 120 என்ற சுவரில் ஓ.எஸ்.பி.யின் வெளிமுகமே 17.1. பனிநிலை எங்கோ கீழே கிடக்கிறது.

புழுக்க இடம்: வெளியே 32 டிகிரி, 75 சதவீத ஈரம். பனிநிலை 27. உள்ளே 24. இங்கே நீராவி வெளியிலிருந்து உள்ளே தள்ளும். ஜிப்சத்துக்குப் பின்னால் நீங்கள் வரைந்திருக்கும் பாலித்தீன் சுமார் 24.5-இல் இருக்கும். சுவருக்குள் நுழைந்த காற்று அந்தத் தாளின் முதுகில் வியர்த்து, வடிந்து, ஸ்டட்களின் அடி உட்காரும் கீழ் டிராக்கில் தேங்கும். டிராக் கிடத்திய சி வடிவம். தண்ணீர் பிடிக்கவே செய்த தொட்டி போல. முதல் அடையாளம் ஜிப்சம் போர்டின் அடிப்பக்கத்தில் வரும் கறுப்புப் புள்ளி. அதைப் பார்க்கும்போது டிராக்கின் துத்தநாகம் வெள்ளைப் பொடியாகிவிட்டிருக்கும். ஏ.சி. ஓடும் புழுக்க வீட்டில் உட்பக்கப் பாலித்தீன் கூடவே கூடாது. உட்சுவருக்கு வினைல் வால்பேப்பரும் அதே தவறுதான்.

ஒரே பேனல் இரண்டு இடத்துக்கும் வேண்டும் என்றால் விடை இது: காற்றையும் நீராவியையும் தடுக்கும் அடுக்கை ஓ.எஸ்.பி.யின் வெளிமுகத்தில் வையுங்கள். தானாக ஒட்டும் பிட்டுமன் அல்லது பியூட்டைல் தாள், மேல்கவிவு 75 மி.மீ., ரோலரால் அழுத்தி ஒட்டியது. காப்பு அனைத்தும் அதற்கு வெளியே. குளிர் இடத்தில் தாள் கதகதப்பாக இருப்பதால் உள்ளிருந்து வரும் நீராவி அதில் படியாது. புழுக்க இடத்தில் வெளி நீராவி சட்டத்துக்குள் நுழையவே முடியாது. குழியும் ஜிப்சமும் வீட்டுக்குள் உலரும்.

மாறவேண்டியது காப்புப் பொருள் மட்டும். குளிர் இடத்துக்கு நீராவி கடக்கும் ராக்வூல் பலகை. புழுக்க இடத்தில் அந்தத் தாளின் வெளிமுகம் 24.9-க்கு இறங்கும், பனிநிலையோ 27. ராக்வூல் வழியாகக் காற்று அங்கே எட்டினால் தாளின் வெளிப்பக்கம் நனைந்துகொண்டே இருக்கும். ஆகவே அங்கே இருபக்கமும் ஃபாயில் ஒட்டிய பி.ஐ.ஆர். (கடின நுரை) பலகை, இணைப்புகளில் ஃபாயில் டேப், அல்லது எக்ஸ்.பி.எஸ். (அடர்ந்த பாலிஸ்டிரீன் நுரை). சாதா தெர்மோகோல் வேண்டாம். மணிகளுக்கு இடையே நீராவி போகும், வெயிலில் பலகை சுருங்கி இணைப்பும் திறக்கும். பி.ஐ.ஆர். எரியக்கூடியது என்பதால் கட்டடத்தின் உயரத்துக்கு உரிய தீ விதியைப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஓ.எஸ்.பி.க்குப் பதில் மெக்னீசியம் ஆக்சைடு பலகை போடலாமே என்று யாராவது சொல்வார்கள். அதில் மெக்னீசியம் குளோரைடில் பிணைத்த வகை, ஈரப்பதம் நீண்ட நாள் உயர்ந்திருந்தால் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்து உப்புநீராகச் சொட்டும். டென்மார்க்கில் ஏராளமான கட்டடங்களில் இந்தப் பலகை "அழுது", அதைத் தொட்ட ஸ்க்ரூவையும் இரும்பையும் தின்று, கடைசியில் சுவரைப் பிரித்து மாற்ற நேர்ந்தது. இரும்புச் சட்டத்தின்மேல் அதைவிடப் பொருந்தாத பொருள் வேறில்லை. சல்ஃபேட்டில் பிணைத்த வகை வேறு. ஆய்வக அறிக்கையில் குளோரைடு அளவைப் பார்க்காமல் அதையும் வாங்க வேண்டாம்.

கோட்டுப்படம்

நன்றி. குழியை வெறுமையாக விடுவதில் இரண்டு தயக்கம். ஒலி, தீ. அப்புறம் 120 மி.மீ. காப்பின்மேல் சிமென்ட் போர்டை எப்படித் தாங்கவைப்பது? பட்டறை இசட் வடிவத் தகட்டுப் பட்டை பரிந்துரைக்கிறது.

திருகாணி (மறுமொழி)

இசட் பட்டையை மறந்துவிடுங்கள். 1.2 மி.மீ. இசட் பட்டை தொடர்ச்சியாகக் காப்பைக் கிழித்துக்கொண்டு ஓடினால், ஸ்டட் உள்ளே செய்த அதே வேலையை வெளியே செய்யும். வெளியே காப்பு வைத்ததே வீண்.

செய்யவேண்டியது: காப்புப் பலகையின்மேல் 40 மி.மீ. மரப்பட்டியை ஸ்டட் கோட்டிலேயே செங்குத்தாக நிறுத்தி, நீள ஸ்க்ரூவால் காப்பு, ஓ.எஸ்.பி. எல்லாம் கடந்து ஸ்டட்டில் பிடியுங்கள். ஸ்டட் 600 இடைவெளி, ஸ்க்ரூ செங்குத்தாக 400-க்கு ஒன்று என்றால் ச.மீ.க்கு 4.2 ஸ்க்ரூ. 5 மி.மீ. தண்டுள்ள சாதா இரும்பு ஸ்க்ரூவுக்கு ஐ.எஸ்.ஓ 6946-இன் பிடிப்பான் திருத்தம் போட்டால் யூ மதிப்பில் 0.020 கூடுகிறது, 0.256 என்பது 0.276. இலக்குக்குள்தான், ஆனால் மயிரிழையில். துருப்பிடிக்காத ஸ்க்ரூவில் கூடுவது 0.007 மட்டும், ஏனென்றால் அதன் கடத்துதிறன் சுமார் 17. ஒன்று கவனியுங்கள்: இரண்டு முனையும் உலோகத் தகட்டைத் தொட்டால் அந்தத் திருத்தச் சூத்திரம் பொருந்தாது. மரப்பட்டி என்பதால்தான் இங்கே பயன்படுத்தினேன். தகட்டுப் பட்டி வைத்தால் முப்பரிமாண மாதிரிதான்.

துருப்பிடிக்காத ஸ்க்ரூ தானாக இரும்பைத் துளைக்காது, முனை மழுங்கிவிடும். முனை மட்டும் கடின இரும்பாக உள்ள இரட்டை உலோக ஸ்க்ரூ வாங்குங்கள். நீளம்: பட்டி 40 + காப்பு 120 + பலகை 11 + ஸ்டட் தகடு 1, அதற்கப்பால் துளைமுனை போக மூன்று மரையாவது வெளியே தெரிய வேண்டும். 190-க்குக் குறையாது.

இவ்வளவு நீள ஸ்க்ரூ 40 மி.மீ. ஓரமடிப்பைத் தவறவிடுவது மிகச் சுலபம். கொஞ்சம் சாய்ந்தால் போதும். தாள் ஒட்டும் முன்பே ஓ.எஸ்.பி.யில் ஸ்டட்டின் நடுக்கோட்டைச் சுண்ணாம்பு நூலால் அடித்து, அதைத் தாளின் மேலும் ஏற்றுங்கள். ஸ்டட்டில் பிடித்த ஸ்க்ரூ கடைசி இரண்டு சுற்றில் கையில் இறுகும், தவறியது ஓ.எஸ்.பி.யில் வழவழவென்று சுற்றும். தவறியதைப் பிடுங்கி, தாளில் விழுந்த ஓட்டையை அடைக்க வேண்டும். அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று அடிப்பவர்கள்தான் அதிகம். பிறகு காற்றுக் கசிவுச் சோதனையில் ஏன் தோற்றோம் என்று தேடுவார்கள்.

ஒலிக்கும் தீக்கும் குழியில் ஏதாவது வேண்டும் என்றால் 50 மி.மீ. ராக்வூல் போதும், ஜிப்சம் பக்கம் ஒட்டினாற்போல. குளிர் இடத்தில் போடும் முன் மேலே சொன்ன பனிநிலைக் கணக்கை 50 மி.மீ.க்கு மறுபடி போடுங்கள். வெளியே 120 இருந்தால் மைனஸ் 5-க்கு ஓ.எஸ்.பி. முகம் 11-க்குக் கீழே போகாது. தீயைப் பொறுத்தவரை காப்பதே ஜிப்சம்தான். மெல்லிய தகடு சீக்கிரம் சூடேறும். இவ்வகைப் பிரிவுகளுக்கு யூரோகோடு 3-இன் (ஐரோப்பிய எஃகுக் கட்டுமானத் தரநிலை) தீப்பகுதி 350 டிகிரியையே எல்லையாக வைக்கிறது. சுமைதாங்கும் சுவரில் தீ வகை ஜிப்சம் இரண்டு அடுக்கு, இணைப்புகள் ஒன்றின்மேல் ஒன்று வராமல்.

பட்டறைக்கு எழுதித் தரவேண்டியவை:

ராக்வூலின் அகலம் ஸ்டட் இடைவெளியின் முழு அளவு, அதாவது 600-க்கு 600. மரச்சட்டத்துக்கு வரும் குறைந்த அகலப் பட்டை இதற்கு ஆகாது. சி-யின் வாய்க்குள் ஒரு நீள வெற்றிடம் நிற்கும்.

இரண்டு ஸ்டட்டை முகத்துக்கு முகம் சேர்த்துப் பெட்டியாக்கும் இடங்கள், சன்னல் ஓரம், லிண்டல், மூலை எல்லாவற்றிலும் மூடும் முன்பே ராக்வூலைத் திணிக்க வேண்டும். மூடிய பிறகு கை நுழையாது. முழுக் காப்பும் வெளியே இருந்தால் இதற்கு முக்கியம் குறையும். ஆனாலும் லிண்டல் பெட்டி வெறுமையாக இருந்தால் சன்னலுக்கு மேலே ஒலி ஓட்டை.

தகட்டை உரசு சக்கரத்தால் வெட்டக் கூடாது. பொறி தெறிக்கும் இடமெல்லாம் துத்தநாகம் எரிந்து, இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு, ஒரே வாரத்தில் பழுப்புப் புள்ளி. கத்தரி அல்லது நிப்ளர். பூச்சு இசட் 275-க்கு (இரு முகமும் சேர்த்து ச.மீ.க்கு 275 கிராம் துத்தநாகம்) குறையக் கூடாது. ஒரு முகத்துக்குச் சுமார் 20 மைக்ரான் வரும்.

வயர் போகும் துளைகளில் பிளாஸ்டிக் வளையம். ஏ.சி.யின் செப்புக் குழாய் ஸ்டட்டைத் தொடவே கூடாது. வியர்வை ஈரத்தில் செம்பும் துத்தநாகமும் சேர்ந்தால் துத்தநாகம்தான் பலி. செம்பு உப்பில் பதப்படுத்திய மரத்தை டிராக்கின் கீழே வைப்பதும் இதே கதை. நடுவில் ஒரு ஈரத்தடுப்புத் தாளாவது வேண்டும். ஈரக் கான்கிரீட்டின் காரமும் துத்தநாகத்துக்கு எதிரி; கீழ் டிராக்குக்குக் கீழே ரப்பர் அல்லது நுரைப்பட்டை கட்டாயம்.

கான்கிரீட் தளத்தின் விளிம்பை மறந்துவிடாதீர்கள். சுவரின் காப்பு டிராக்கோடு நின்றுவிட்டால், தளத்தின் வெட்டுமுகம் வெறும் கல்லாக வெளியே தெரியும். எக்ஸ்.பி.எஸ். பலகையைத் தளவிளிம்பைத் தாண்டி, மண்ணுக்குள் 300 மி.மீ. வரையாவது இறக்குங்கள். கரையான் உள்ள மண்ணானால் பலகைக்கும் சுவருக்கும் நடுவே தெரியும்படி ஒரு தகட்டுத் தடை. பால்கனியைத் தாங்க ஜாய்ஸ்டை அப்படியே வெளியே நீட்டுவது இன்னொரு பொறி. அதைத் தனித் தூணில் நிறுத்துங்கள். முடியாவிட்டால் வெப்பத்தடைத் திண்டும் துருப்பிடிக்காத போல்ட்டும் வைத்து வெளிப்புறமாகக் கோக்கலாம்.

கசிவுச் சோதனையை ஜிப்சம் அடிக்கும் முன்பே செய்யுங்கள். 50 பாஸ்கலில் மணிக்கு எத்தனை முறை காற்று மாறுகிறது என்பது அளவு. பாசிவ் ஹவுஸ் (மிகக் குறைந்த ஆற்றல் வீட்டுக்கான தரநிலை) கேட்பது 0.6. அந்த நேரத்தில் ஓட்டை தெரிந்தால் டேப் ஒட்டலாம். பிறகு தெரிந்தால் போர்டைப் பிரிக்க வேண்டும்.

மேற்குச்சன்னல் (மறுமொழி)

சுவர் ஒருவழியாகிவிட்டது. மாலை வெக்கைக்குச் சுவர் காரணமே இல்லை பெரும்பாலும், சன்னலும் கூரையும்தான்.

4 × 5 மீட்டர் அறை, உயரம் 3. ஜிப்சம் பரப்பு சுமார் 70 ச.மீ. 12.5 மி.மீ. போர்டு ச.மீ.க்கு ஏறக்குறைய 10 கிலோ, வெப்பக் கொள்திறன் சுமார் 10 கிலோஜூல். மொத்தம் 700 கிலோஜூலுக்கு ஒரு டிகிரி. மேற்கே 3 ச.மீ. கண்ணாடி; மாலை வெயில் 500 வாட்/ச.மீ., கண்ணாடி 60 சதவீதம் விடுகிறது என்றால் 900 வாட். மணிக்கு 3,240 கிலோஜூல். வெப்பம் வேறெங்கும் போகாவிட்டால் அறை மணிக்கு 4.6 டிகிரி ஏறும். காப்பு எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அது வெளியேறவும் முடியாது. "அடுப்பு" என்று சொல்வது இதைத்தான்.

தரையில் 50 மி.மீ. சிமென்ட் பூச்சு ஊற்றினால் ச.மீ.க்கு 100 கிலோஜூல் கூடும்; 20 ச.மீ.க்கு 2,000. ஏற்றம் மணிக்கு 1.2 டிகிரியாக இறங்கும். மேல்தள ஜாய்ஸ்டுக்கு ச.மீ.க்கு 100 கிலோ கூடுதல் சுமை. முதலிலேயே சட்டக்காரரிடம் சொல்லிவிடுங்கள். மேலே கம்பளமோ வினைலோ விரித்தால் பயன் போய்விடும், ஓடு பதியுங்கள். இரவில் எதிரெதிர்ச் சன்னல் திறந்து அந்தத் தரையைக் குளிரவைத்தால்தான் மறுநாள் வேலை செய்யும். புழுக்க இடத்தில் இரவுக் காற்றே 27-க்கு மேல் என்றால் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. அங்கே நிழல் ஒன்றே வழி. நிழல் கண்ணாடிக்கு வெளியே. உள்ளே தொங்கும் திரை, வெயில் உள்ளே வந்து சூடாகிய பிறகு மறைக்கிறது. மேற்குக்குக் கிடைமட்ட நிழல்பலகை பயன்படாது, வெயில் தாழ்ந்து வரும். செங்குத்துப் பலகையோ வெளி ஷட்டரோ வையுங்கள்.

கூரை. பூச்சில்லாத பளபளத் தகடு வெயிலை நன்றாகத் திருப்பும்; ஆனால் உள்வாங்கியதைக் கதிர்வீசி வெளிவிடாது. ஆகவே வெள்ளைப் பூச்சுத் தகட்டைவிடச் சூடாகிறது. வெள்ளை, கீழே 50 மி.மீ. காற்றோட்ட இடைவெளி, தாழ்வாரத்தில் நுழைவு, முகட்டில் வெளியேற்றம். பளபள ஃபாயில் போட்டால் பளபளப்பு கீழ்நோக்கி, முன்னால் 25 மி.மீ. காற்று வேண்டும், மேல்நோக்கிப் போட்டால் தூசு படிந்து நாளடைவில் சாதாத் தாள் ஆகிவிடும். இரண்டு பக்கமும் ஒட்டி நெருக்கினால் ஃபாயில் வெறும் உலோகம்.

தெளிந்த இரவில் தகடு வானத்துக்குக் கதிர்வீசி, சுற்றுக்காற்றைவிடச் சில டிகிரி கீழே போகும். விடியும்போது அடிப்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருக்கும். ஒழுகுகிறது என்று சீலண்ட் பூசுபவர்கள் இதைத்தான் பூசிக்கொண்டிருக்கிறார்கள். இடைவெளிக்குக் கீழே ஒரு நீர்த்தடைத் தாளைச் சரிவாக விரித்து, அதன் நுனியைத் தாழ்வாரக் கால்வாயில் விடுங்கள். சொட்டியது வழிந்து போகும். பர்லின் (கூரைத் தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) மேல் ராக்வூலை விரித்து அதன்மேலேயே தகட்டைத் திருகி அமுக்குவதும் வேண்டாம். பர்லின் கோட்டில் 100 மி.மீ. பஞ்சு 10 மி.மீ. ஆகிவிடும்.

கோட்டுப்படம்

600 இடைவெளி, வெளியே 120, ஓ.எஸ்.பி. மேல் ஒட்டும் தாள் என்று மாற்றுகிறேன். கடைசியாக ஒன்று: சன்னல் சட்டத்தை ஸ்டட் கோட்டிலேயே வைக்கலாமா, அல்லது வெளியே தள்ளவேண்டுமா?

மென்சட்டம்

ஸ்டட் கோட்டில் வைத்தால் காப்புக்கும் கண்ணாடிக்கும் தொடர்பு அறுந்து, சன்னல் ஓரமாகச் சுற்றிலும் இரும்பு வெளிக்காற்றைப் பார்க்கும். திறப்பைச் சுற்றி 18 மி.மீ. ஒட்டுப்பலகையில் பெட்டி செய்து, ஓ.எஸ்.பி. முகத்திலிருந்து 60 மி.மீ. வெளியே நீட்டுங்கள். சன்னல் அந்தப் பெட்டியில் உட்காரட்டும். வெளிக்காப்பு சட்டத்தின்மேல் 20–30 மி.மீ. ஏறி மூட வேண்டும். ஒட்டும் தாளைப் பெட்டிக்குள் மடித்து ஒட்டும்போது கீழ்ப்பக்கம் முதலில், பக்கங்கள் பிறகு, மேல்பக்கம் கடைசியில். கீழ்ப்பலகைக்கு வெளிப்புறமாக 5 டிகிரி சரிவு, கீழ்ச்சட்டத்தின் வெளி ஓரத்தை மட்டும் சீலண்ட் போட்டு அடைக்காமல் விடுங்கள். உள்ளே வந்த தண்ணீருக்கு வெளியே போக ஒரு வழி வேண்டும்.

வரைபடம் மாற்றியதும் சன்னல் கீழ்மூலை விவரத்தை மட்டும் 1:5 அளவில் போடுங்கள். தவறு இருந்தால் அந்த மூலையில்தான் இருக்கும்.